வாய்ப்பேச்சு கடைக்கால் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

காரைக்கால் வட்டாரத்தில் கடைகள், மண்டபங்கள் கட்டித்தரும் சிறு ஒப்பந்ததாரர் நான். கடற்பக்கம் தவிரச் சுற்றிலும் தமிழ்நாடு, அதனால் மணலும் ஜல்லியும் எல்லை தாண்டித்தான் வர வேண்டும். அங்கே குவாரி நின்றால் இங்கே கொத்தனார் கரண்டி நின்றுவிடும்.

2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது ஆறுதல்தான். ஆனால் கம்பி விலை ஏறினாலும், சதுர அடிக்குப் பேசிய தொகை ஏறுவதில்லை. கடைசித் தவணையோ மாதக்கணக்கில் இழுபடுகிறது. நட்டத்தை ஈடுகட்டச் சிலர் தரத்தில் கைவைத்தால், கடலோர உப்புக்காற்று சும்மா விடாது. கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும்.

விலையேற்றத்துக்கு ஈடு, தவணைக்குக் கெடு இரண்டையும் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே வேலை தொடங்குவோம். இரு தரப்புக்கும் அதுவே உறுதியான கடைக்கால்.

இப்படிக்கு,
ஒரு கட்டட ஒப்பந்ததாரர்,
திருமலைராயன்பட்டினம்.