வாக்குச் சீட்டுக்கு வேலி

2024 நாடாளுமன்றத் தேர்தல் முடிந்த சில நாட்களில், ஞாயிறு திருப்பலிக்குச் சென்று திரும்பிய நண்பர் சிலருடன் மங்கலம்பேட்டைக் கடைத்தெருவில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிப் பாடம் சொல்லிக் கொடுத்தவர், பெருமூச்சோடு சொன்னார்: “காசுக்கு ஓட்டை விற்கிறவனுக்கும் ஒரு ஓட்டு, எனக்கும் ஒரு ஓட்டா? பத்தாவது வரைக்குமாவது படித்தவனுக்குத்தான் ஓட்டு என்று சட்டம் வரணும் ஐயா.” உடனிருந்தோர் தலையசைத்தனர். நாமும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்திற்குப் பரிகாரமாகவே இதனை எழுதுகிறோம்.

அக்கருத்து புதிதன்று, வெள்ளையர் ஆட்சியில் ஏறத்தாழ அதுவே சட்டம். 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சொத்தும் வரியும் உடையோரே பெரும்பாலும் வாக்காளர். 1921-இல் சென்னைச் சட்டமன்றம் பிற மாகாணங்களுக்கு முன்னதாகப் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது என்று பெருமை பேசுகிறோம். ஆனால் ஆண்களுக்கு விதித்த சொத்துத் தகுதியே அவர்களுக்கும். தன் பெயரில் ஒரு காணி நிலமுமில்லாத பெண்ணுக்கு அதனால் என்ன பயன்? 1935-ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தறிவையும் ஒரு தகுதியாக ஏற்று வேலியைச் சற்றுத் தளர்த்தியது. அப்போதும் வயது வந்தோரில் பெரும்பாலோர் வெளியேதான் நின்றனர். விருத்தாசலம் வட்டாரத்தில் கதிர் அறுத்தவர் யார், வரி கட்டிய ரசீது வைத்திருந்தவர் யார் என்பதை நம் வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

அந்த வேலியை அரசியல் சாசனத்தின் 326-ஆம் பிரிவு பிடுங்கி எறிந்தது. 1951-இல் எழுத்தறிந்தோர் 100-க்கு 18 பேர். ஆயினும் முதல் பொதுத் தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்டோர் வாக்காளராயினர். “இன்னார் மனைவி, இன்னார் மகள்” என்றன்றித் தம் பெயரைச் சொல்ல மறுத்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள், பெரும்பாலும் வடமாநிலத்தவர், பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். நமக்கு அது கொடுமையாகவே படுகிறது. எனினும் ஒரு பெண்ணுக்குச் சொந்தப் பெயர் உண்டு என்று அரசு வற்புறுத்திய நிகழ்ச்சியும் அதுவே அன்றோ!

இனி, காசு. பெறுபவர் கல்லாதவராக இருக்கலாம். வாக்காளர் பட்டியலைப் பார்த்துக் கணக்கெழுதி, வீடு வீடாகக் கொடுத்தனுப்புபவரும் கல்லாதவரா? பணப்பட்டுவாடா காரணமாக 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தல் நிறுத்தப்பட்டது. 2019-இல் வேலூரிலும் அவ்வாறே. அத்திட்டங்களைத் தீட்டியவர்கள் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள் என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை.

ஏழையின் வாக்கு அவ்வளவு மலிவானதெனில், அதைத் தடுக்க ஏன் கழிகளும் தீப்பந்தங்களும் வேண்டியிருந்தன? 1999 நாடாளுமன்றத் தேர்தலில் தொல். திருமாவளவன் சிதம்பரம் தனித் தொகுதியில் முதன்முறையாக நின்றபோது, தலித் மக்கள் பலர் வாக்குச் சாவடிக்குப் போகவிடாமல் அடித்து விரட்டப்பட்டனர், குடிசைகள் எரிந்தன. அன்று அவர் தோற்றார். 2009-இல் அதே தொகுதியில் வென்றார். 2019-இலும் 2024-இலும் வென்றார். அவருடைய அரசியலை நாம் ஏற்கிறோமா என்பது வேறு பேச்சு. விரட்டப்பட்டவர்கள் மீண்டும் வந்து வரிசையில் நின்றார்கள். நாம் சொல்வது அவ்வளவே. விற்பனைச் சரக்குக்காக எவரும் அப்படி நிற்பதில்லை.

பறித்த உரிமையை மீட்க எத்தனை காலமாகும் என்பதற்கு இலங்கை சாட்சி. 1931-இல் அனைவர்க்கும் வாக்களித்த அந்நாடு, 1948-49-இல் மலையகத் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரைக் குடியுரிமையும் வாக்கும் அற்றவராக்கியது. எஞ்சியிருந்தோர்க்கெல்லாம் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது.

நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம். சிதம்பரத்தில் வாக்களிக்கும் தலித் கிறிஸ்தவர் அத்தனித் தொகுதியில் வேட்பாளராக நிற்க இயலாது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அவரைப் பட்டியல் சாதியினராக ஏற்பதில்லை. சீக்கியர்க்கு 1956-இலும் பௌத்தர்க்கு 1990-இலும் திறந்த கதவு அவருக்குத் திறக்கவில்லை. அதற்காக ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கும் நாம், அதே வாயால் பிறர் உரிமையைக் குறைக்கச் சொல்வதா?

அந்த ஆசிரியரின் தாயார் கைநாட்டு வைப்பவர் என்று அவரே முன்பொரு நாள் கூறியிருக்கிறார். 1952 தேர்தலில் வேட்பாளர்க்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் சின்னம். அடுத்த ஞாயிறு அவரைக் காணும்போது, அம்மா எந்தப் பெட்டியில் சீட்டைப் போட்டார்கள் என்று கேட்க எண்ணியிருக்கிறோம்.