மூன்று விநாடி ஆயுள்

விளக்குத் திரியைச் சற்றுத் தூண்டிவிட்டால் வெளிச்சம் கூடுகிறது. எண்ணெயும் விரைவில் குறைகிறது. அளவுக்கு மிஞ்சித் தூண்டினாலோ வெளிச்சம் கூடுவதில்லை. திரி கருகிச் சிம்னியில் கரிதான் படிகிறது. நம் வீட்டுப் பெண்மணிகள் யாரும் கற்பிக்காமலே அறிந்துள்ள இவ்வுண்மையை, அமெரிக்க நாட்டு வேட்டைக்காரர்கள் விலையுயர்ந்த பல துப்பாக்கிகளைப் பாழாக்கி அறிந்துகொண்டார்கள். அந்த வரலாறு சுவையானது, பயனுள்ளதுங்கூட.

நம் தேசத்தில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின் வேட்டை விளையாட்டு முடிவுற்றது. ஆகவே, இங்கே சொல்லப் போவது அமெரிக்கச் செய்தியே. ஆயினும் ஒரு பொறியின் வேகத்துக்கும் அதன் ஆயுளுக்கும் உள்ள உறவு எல்லா நாட்டுக்கும் பொதுவானதல்லவா?

அமெரிக்காவின் மேய்ச்சல் நிலங்களில் உட்சக் என்று ஒரு பிராணி உண்டு. பூமியில் வளை தோண்டிப் பயிரையும் புல்லையும் தின்று வாழ்வது. மனிதன் நெருங்கினால் வளைக்குள் மறைந்துவிடும். ஆகவே, இருநூறு முந்நூறு கஜ தூரத்திலிருந்தே அதைச் சுட வேண்டும். குறியோ மிகச் சிறியது. தூரத்தைக் கண்ணால் மதிப்பதில் ஐம்பது கஜம் பிசகினாலும் குண்டு மேலேயோ கீழேயோ போய்விடும். ஏனெனில், குழலை விட்டுப் புறப்பட்ட குண்டு மாங்காயைப் போலவே அந்தக் கணம் முதல் பூமியை நோக்கி விழத் தொடங்குகிறது. அது விழுவதற்குள் குறியை எட்டிவிட வேண்டுமானால் வேகம் ஒன்றே வழி.

அந்த வேகத்தைத் தேடும் போட்டி நெடுநாளாக நடந்தது. 1915-இல் சார்லஸ் நியூட்டன் என்ற நிபுணர் வகுத்த தோட்டாவை ஸாவேஜ் கம்பெனியார் விநாடிக்கு 3,000 அடி வேகம் என்று பெருமையுடன் விளம்பரம் செய்தார்கள். இருபது ஆண்டு கழித்து, 1935-இல், வின்செஸ்டர் கம்பெனியார் '220 ஸ்விப்ட்' என்ற தோட்டாவை வெளியிட்டார்கள். 48 கிரெயின், அதாவது மூன்று கிராமுக்குச் சற்று மேற்பட்ட எடையுள்ள குண்டு, விநாடிக்கு 4,110 அடி வேகத்தில் பாய்ந்தது. காற்றில் ஒலி செல்லும் வேகத்தைப் போல் இது ஏறக்குறைய நான்கு மடங்கு! முந்நூறு கஜத்தை அது கால் விநாடிக்குச் சற்று அதிகமான நேரத்தில் கடந்துவிடும். அதற்குள் அது விழும் ஆழம் சுமார் ஓர் அடிதான்.

வேட்டைக்காரர்கள் பரவசமடைந்தார்கள். சில காலத்திலேயே வேறொரு பேச்சும் கிளம்பிற்று. "ஸ்விப்ட் நன்றாகத்தான் சுடுகிறது, ஆனால் குழலைத் தின்றுவிடுகிறது" என்றார்கள். இந்தப் பேச்சில் மிகைப்பாடும் உண்டு, உண்மையும் உண்டு.

உண்மை என்னவென்று பார்ப்போம். ஸ்விப்ட் தோட்டாவில் சுமார் 40 கிரெயின் மருந்து கொள்ளும். 1952-இல் வந்த 308 வின்செஸ்டர் என்ற பெரிய தோட்டாவில் சுமார் 45 கிரெயின். மருந்தில் பெரிய வித்தியாசமில்லை. குழலின் துவாரமோ ஒன்றில் 0.224 அங்குலம், மற்றதில் 0.308 அங்குலம். பரப்பைக் கணக்கிட்டால் சிறிய துவாரம் பெரியதில் பாதியைவிடச் சற்றே கூடுதல். ஏரியிலிருந்து வரும் அதே வெள்ளத்தைப் பாதி அகலமுள்ள மதகின் வழியே திருப்பினால் மதகு என்னாகும்? குழலின் தொண்டைக்கும் அதுவே கதி. தொண்டையென்பது தோட்டா இருக்கும் அறை முடிந்து, திருகு வரிகள் தொடங்கும் இடம்.

எரியும் மருந்தின் வாயு சுமார் 2,500 டிகிரி சென்டிகிரேடும் அதற்கு மேலும் சூடேறும். எஃகு 1,500 டிகிரிக்குள் உருகிவிடும். குழல் உருகாததற்குக் காரணம், நெருப்பு அதில் தங்கும் நேரம் மிகக் குறைவு. உட்புறத்தின் மெல்லிய தோல் மட்டுமே காய்ந்து, உடனே குளிர்கிறது. ஒவ்வொரு வெடிக்கும் அந்தத் தோல் விரிந்து சுருங்குகிறது. நாளடைவில் கோடையில் வற்றிய ஏரியின் வண்டலைப் போல அதில் வெடிப்புகள் காணும். வெடிப்பின் ஓரங்களை அடுத்தடுத்து வரும் வாயு அரித்துச் செல்கிறது. வரிகளின் தொடக்கம் சிறிது சிறிதாக முன்னே நகர்கிறது.

ஒரு சிறு கணக்குப் போடலாம். குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் ஏறக்குறைய விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூவாயிரம் முறை சுட்டு ஒரு குழல் தேய்ந்துவிட்டதென்றால், அது உண்மையில் உழைத்த காலம் மூன்று விநாடி! அந்த மூன்று விநாடியை எப்படிச் செலவிடுவது என்பதே துப்பாக்கி உடையவனின் சாமர்த்தியம்.

இப்படி அரிக்கப்படும் நோய் புதிதன்று. பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-மெட்போர்டு துப்பாக்கி கருமருந்துக்காகச் செய்யப்பட்டது. நைட்ரோகிளிஸரின் மிகுந்த கார்டைட் வந்ததும், அதன் உக்கிரமான சூட்டில் ஆழமற்ற வரிகள் அழிந்தன. 1895-இல் ஆழமான என்பீல்டு வரிகளைப் புகுத்த நேர்ந்தது. பிறகு கார்டைட்டிலேயே நைட்ரோகிளிஸரினைக் குறைத்தார்கள். நம் நீலகிரியில் அருவங்காட்டுத் தொழிற்சாலை ஏற்பட்டது இந்தக் கார்டைட் செய்வதற்காகத்தான்.

இனிப் பரிகாரம். முதலாவது, நிதானம். சூடேறிய குழலில் சுட்டால் உட்தோல் முன்னிலும் அதிகச் சூட்டை அடைகிறது. குழலைக் கையால் பற்ற முடியவில்லையென்றால் அன்றைய வேலையை நிறுத்திவைக்க வேண்டியதுதான். அறையைத் திறந்து வைத்து ஆறவிட வேண்டும். சுட்ட அறையில் தோட்டாவைப் போட்டு வைத்துக் காத்திருப்பது தவறு. மருந்து சூடேறி அழுத்தம் கூடும். பிராணிகள் கூட்டமாகத் தென்படும் மேற்கு மாகாணங்களில் அனுபவசாலிகள் இரண்டு துப்பாக்கிகளை மாற்றி மாற்றி உபயோகிப்பதன் காரணம் இதுவே.

இரண்டாவது, ஆசையை அடக்குதல். 4,110 அடிக்குப் பதில் 3,700 அடி போதுமென்று மருந்தைச் சற்றுக் குறைத்தால் தொண்டைக்கு ஆறுதல் கிடைக்கிறது. முந்நூறு கஜத்தில் இழப்பு சில அங்குலமே. பல துப்பாக்கிகளில் குறியும் முன்னைவிட நன்றாக அமைவதுண்டு. ஆனால் தாமதமாக எரியும் மருந்தை மிகவும் குறைத்துப் போடுவதும் ஆபத்து. மருந்து செய்பவர் அச்சிட்டுள்ள அளவின் இரு எல்லைகளுக்குள் நிற்பதே விவேகம். 1950-இல் ரெமிங்டன் கம்பெனியார் வெளியிட்ட 222 தோட்டா, ஏறக்குறைய பாதி மருந்தில் சுமார் 3,200 அடி வேகம் தந்து, துல்லியத்துக்குப் பெயர் பெற்றது. இருநூறு கஜத்துக்குள் சுடுபவனுக்கு அதுவே போதும்.

மூன்றாவது, சுத்தம். இவ்வளவு வேகத்தில் செல்லும் குண்டு தன் செம்பு உறையைக் குழலில் தேய்த்துவிட்டுப் போகிறது. அது படியப் படியக் குறி சிதறும். செம்பைக் கரைக்கும் திரவத்தில் நனைத்த துணி நீலமாக வெளிவருவது நின்றால் குழல் சுத்தமாயிற்று. திரவத்தையும் உள்ளே தேங்கவிடாமல் துடைத்து எண்ணெயிட வேண்டும். துடைக்கும் கம்பியைப் பின்புறமிருந்தே செலுத்த வேண்டும். முன்வாயிலிருந்து செலுத்தி, அதன் ஓரத்தைக் கீறிவிட்டால், பத்திரமாகக் காத்த தொண்டையாலும் பயனில்லை.

நான்காவது, குண்டைத் தெரிந்தெடுத்தல். ஸ்விப்டின் வரிகள் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுழற்றுகின்றன. 4,110 அடி வேகத்தில் குண்டு நிமிஷத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது! தேய்ந்து சொரசொரப்பான குழலில் மெல்லிய உறையுள்ள குண்டு காயப்பட்டு, நடுவானிலேயே சிதறிப் போவதும் உண்டு.

இவ்வளவும் செய்தாலும் குழல் ஒரு நாள் தேயவே தேயும். நல்ல கொல்லர் பின்புறத்தில் ஓர் அங்குலம் வெட்டி, அறையைப் புதிதாகக் கடைந்து, இன்னும் சில காலம் ஓட்டலாம். பிறகு புதுக் குழல்தான். 1964-வாக்கில் வின்செஸ்டர் கம்பெனியார் ஸ்விப்ட் துப்பாக்கி செய்வதையே நிறுத்தினார்கள். மறு ஆண்டில் அதைவிடச் சற்றே மெதுவான 22-250 தோட்டாவை ரெமிங்டன் கம்பெனியார் ஏற்று வெளியிட, அது வேட்டைக்காரர்களிடையே பரவிற்று.

குழலின் விலையைப் பற்றியே இதுவரை பேசினோம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. தேய்வு ஒரே நாளில் தெரிவதில்லை. பத்துக் குண்டில் ஒன்பது சரியாகப் போகும். பத்தாவது காரணமின்றி விலகும். அட்டையில் அது ஒரு துளை. உயிருள்ள பிராணியில் அது உடைந்த கால். வளைக்குள் ஊர்ந்து போய் இரண்டு நாள் கிடந்து சாகும் ஜீவனுக்குச் சுட்டவனின் வேகப் பெருமையால் என்ன லாபம்? எத்தனை முறை சுட்டோம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பவனும், பருவம் தொடங்கு முன் அட்டையில் சுட்டுப் பார்ப்பவனும், குறி சிதறக் கண்டால் துப்பாக்கியை உறையில் இடுபவனுமே வேட்டைக்காரன் என்ற பெயருக்கு உரியவன்.