முதலில் திரையில், பிறகு கையில்!

கரையில் நின்று நீச்சல் கற்க முடியுமா? "முடியாது" என்பார்கள் பெரியவர்கள். ஆனால், கம்ப்யூட்டரைத் தொடாமலே அதைப் பூட்டப் பழகலாம் என்கிறது இன்றைய கல்வி.

அது எப்படி?

திரையில் ஒரு காலிப் பெட்டி தெரியும். பக்கத்தில் மதர்போர்டு, பிராசசர், ராம், ஹார்டு டிஸ்க் ஆகியவை வரிசையாக இருக்கும். மாணவர் மவுசால் ஒவ்வொன்றாக எடுத்து, உரிய இடத்தில் பொருத்த வேண்டும். சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் அகாடமி, தன் "ஐ.டி. எசென்ஷியல்ஸ்" பாடத்தில் இத்தகைய பயிற்சியைச் சேர்த்திருந்தது. 2019-ல் முழுமையாக வெளிவந்த "பி.சி. பில்டிங் சிமுலேட்டர்" என்ற விளையாட்டும் இதே வேலையைத்தான் பழக்குகிறது.

ஆடிய விமானம்

இந்த யோசனை பழையது. 1929-ல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், தரையை விட்டுக் கிளம்பாத பயிற்சி விமானம் ஒன்றைச் செய்தார். அவருடைய தந்தை ஆர்கன் வாத்தியம் செய்பவர். வாத்தியத்துக்குக் காற்று ஊதும் துருத்தியைக் கொண்டே மகன் விமானத்தை ஆட்டினார்! இரண்டாம் உலகப் போரின்போது லட்சக்கணக்கானவர்கள் அதில் பழகினார்கள்.

விமானம் விழுந்தால் உயிர் போகும். கம்ப்யூட்டர் கெட்டால் பணம் போகும். இன்டெல்லின் எல்.ஜி.ஏ. 1700 வகை மதர்போர்டில், பிராசசர் உட்காரும் இடத்தில் 1,700 மெல்லிய ஊசிகள் இருக்கின்றன. அவற்றில் சில வளைந்தாலே போர்டு பாழாகலாம். உடம்பில் சேரும் நிலைமின்சாரமோ, கைக்குத் தெரியாமலே சிப்பைக் கெடுத்துவிடும்.

வகுப்பில் 40 பேர். கழற்றிப் பார்க்க ஒரே ஒரு கம்ப்யூட்டர். என்ன நடக்கும்? ஆசிரியர் பூட்டுவார். முன்வரிசை பார்க்கும். பின்வரிசை கேட்கும். "உடைந்தால் யார் பணம் கட்டுவது?" என்ற பயத்தில் ஏழைப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

திரையில் அந்தப் பயம் இல்லை. நூறு முறை தவறினாலும் நஷ்டம் இல்லை.

விரல் அறியும்

ஆனால், திரை கைக்கு ஈடாகாது. ராமை எவ்வளவு அழுத்தினால் "டக்" என்று உட்காரும்? திருகை எவ்வளவு முடுக்க வேண்டும்? இதை விரல்தான் அறியும். சமையல் குறிப்பைப் படித்தவர் எல்லாம் சமையல்காரர் ஆகிவிடுவதில்லை!

திரையோடு பாடத்தை முடித்துச் சான்றிதழை நீட்டினால், ஏமாறுவது யார்? மாணவரும், கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய பெற்றோரும்தான். ஆகவே, பணம் கட்டும் முன் பெற்றோர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "என் பிள்ளை உண்மையான கம்ப்யூட்டரை எத்தனை முறை கழற்றிப் பூட்டுவான்?"

அலுவலகங்களில் பழைய கம்ப்யூட்டர்கள் மூலையில் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றைப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம். ஓடாத கம்ப்யூட்டரும் கழற்றிப் பூட்ட உதவும்.

திரை பயத்தைப் போக்கட்டும். கை தொழிலைக் கற்கட்டும்!