‘புதிய பறவை’: கோபால் சொல்லாமல் விட்ட கடைசி இரவு

செத்துப்போன மனைவி, இரண்டாம் கல்யாணம் நெருங்கும் நேரத்தில் வீட்டுக்குத் திரும்பி வந்தால்?

1964-ல் சிவாஜி கணேசன் சொந்தமாகத் தயாரித்து நடித்த ‘புதிய பறவை’யின் முடிச்சு இதுதான். இயக்கம் தாதா மிராசி, வசனம் ஆரூர்தாஸ்.

சிங்கப்பூரிலிருந்து கப்பலில் ஊர் திரும்பும் கோபாலுக்கு, லதாவிடம் (சரோஜாதேவி) மனம் போகிறது. ரயில் சத்தம் கேட்டாலே மிரள்கிற அவன், காரணத்தையும் அவளிடம் சொல்லிவிடுகிறான். முதல் மனைவி சித்ரா (சௌகார் ஜானகி) சிங்கப்பூரில் பாடகி. குடி, கூத்து என்று வாழ்ந்தவள். ஒருநாள் ரயிலில் விழுந்து இறந்துவிட்டாள். லதா கலங்குகிறாள், கல்யாணம் முடிவாகிறது. அப்போதுதான் மாமன் ரங்கனோடு (எம்.ஆர்.ராதா) வந்து இறங்குகிறாள், ‘நான்தான் சித்ரா’ என்று ஒருத்தி!

இனி வருவது முடிவு. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

இவள் சித்ராவா, இல்லையா என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. முகம், குரல் எல்லாம் அச்சு அசலாக இருந்தும், இவள் சித்ரா இல்லை என்று கோபால் எப்படி இத்தனை உறுதியாகச் சொல்கிறான்? சித்ராவின் உயிர் போனதைக் கண்ணெதிரே பார்த்தவன் அவன். ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ என்ற பாட்டு முதலில் காதலாகவும், பிறகு மிரட்டலாகவும் ஒலிப்பது அதனால்தான்.

கதையின் வேர் 1958-ல் வந்த ‘சேஸ் எ க்ரூக்கட் ஷேடோ’ என்ற பிரிட்டிஷ் படம். அதில் திரும்பி வருவது இறந்துபோன சகோதரன். 1963-ல் வங்காளத்தில் உத்தம்குமார் நடித்த ‘சேஷ் அங்கா’, சகோதரனை மனைவியாக்கியது. தமிழுக்கு வந்தது அந்தக் கதைதான். சொத்துத் தகராறாக இருந்தது, தாம்பத்தியத்தின் ரகசியமாக மாறிவிட்டது.

என்ன அந்த ரகசியம்? ஓர் அறை. வாக்குவாதத்தில் கோபால் கன்னத்தில் அறைய, இதயம் பலவீனமான சித்ரா அங்கேயே இறந்துவிடுகிறாள். குடும்ப மானத்துக்குப் பயந்து, உடலைத் தண்டவாளத்தில் போட்டு தற்கொலையாக்கிவிடுகிறான். பெண்டாட்டியை அறைவதைப் புருஷனின் உரிமையாகவே பல படங்கள் காட்டிய காலம் அது. அந்த அறையைக் குற்றமாக எண்ணி, சிவாஜியையே கைதியாக்கி அனுப்பியது இந்தப் படம்.

இன்று பார்க்கும்போது இன்னொன்றும் உறுத்துகிறது. சித்ரா மோசமானவள் என்று நமக்குச் சொன்னது யார்? கோபால் மட்டும்தான். அவள் பக்கத்து நியாயத்தைச் சொல்ல அவள் உயிரோடு இல்லை. வந்து நின்றவளும் போலீஸ் ஏற்பாடு செய்த ஆள். ஆனாலும் தியேட்டரே கோபாலுக்காக அழுதது. அது சிவாஜி நடிப்பின் வெற்றி. சித்ராவுக்கு அது இரண்டாவது அநியாயம்.

லதாவும் தன்னை மறைத்தவள்தான். அவள் காதலியாக வந்த போலீஸ். நடிக்க வந்த இடத்தில் நிஜமாகவே காதலித்துவிட்டதாக அவள் சொல்லும்போது, யாருக்காக வருந்துவது என்றே தெரிவதில்லை.

கோபால், முதல் கல்யாணத்தை மறைக்கவில்லை. சண்டைகளை மறைக்கவில்லை. மனைவி இறந்ததையும் மறைக்கவில்லை. கடைசி இரவை மட்டும்தான் விட்டுவிட்டான். மிச்சமெல்லாம் உண்மையாக இருந்ததால்தான், அந்த ஒரு பொய்யை லதாவின் இடத்தில் எந்தப் பெண் இருந்தாலும் நம்பியிருப்பாள்.