கூடிப் பாடினால் என்ன?

லாஸ்பேட்டையில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. தாகூர் கலைக் கல்லூரி இருக்கிறது. காஞ்சி மாமுனிவர் பட்ட மேற்படிப்பு மையம் இருக்கிறது. பாடத் தெரிந்த பிள்ளைகளுக்கும் பஞ்சம் இல்லை. ஆனால், "மேடை ஏறித் தனியாகப் பாடு" என்றால் பலர் நழுவி விடுகிறார்கள்!

அவர்களுக்கு ஏற்ற இசை ஒன்று உண்டு. அதுதான் சேர்ந்திசை. பலர் வரிசையாக நின்று, ஒருவர் கை அசைவைப் பார்த்துக் கூடிப் பாடுவது.

டிசம்பர் வந்தால் சென்னையில் கச்சேரி சீசன். 1927-ல் அங்கே காங்கிரஸ் மாநாட்டோடு இசை மாநாடும் நடந்தது. அதன் பலனாக 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. சீசனும் வளர்ந்தது. அதில் பெயர் பெற்ற ஒரு வித்வானுக்காகத்தான் கூட்டம் வரும். சேர்ந்திசைக் குழுவில் அப்படி ஒரு பெயர் கிடையாது. அதனால் டிக்கெட் விற்பது கஷ்டம். இந்தக் கலை இங்கே ஒதுங்கியே நிற்பதற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் சுருதி. ஆண்கள் பெரும்பாலும் 1 கட்டையில் பாடுவார்கள். பெண்களுக்கு 5 கட்டை சௌகரியம். இருவரும் ஒரே சுருதியில் ஒரே மெட்டைப் பாடினால் யாராவது ஒருவருக்குத் தொண்டை கட்டும். மேல்நாட்டார் இதற்கு வழி கண்டார்கள். பெண்களில் இரண்டு, ஆண்களில் இரண்டு என்று குரல்களைப் பிரித்தார்கள். நான்குக்கும் தனித்தனி மெட்டு. சேர்ந்து கேட்டால் ஒரே பாட்டு!

கிறிஸ்துமஸ் சமயத்தில் பாடப்படும் ஹாண்டலின் 'மெசையா' இந்த வகைதான். அது 1742-ல் டப்ளின் நகரில் முதன் முதலாக அரங்கேறியது. வசூலில் ஒரு பங்கைக் கொண்டு, கடனுக்காகச் சிறையில் கிடந்த 142 பேரை விடுவித்தார்கள். பாட்டுக்கு இதைவிட என்ன சம்பளம் வேண்டும்?

சென்னையில் இந்த வகைப் பாட்டுக்காக 1893-லேயே மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் தொடங்கியது.

"அதெல்லாம் இங்கிலீஷ் பாட்டு. நமக்கு ஒத்து வருமா?" என்று கேட்கலாம்.

ஒத்து வரும் என்று காட்டியவர் எம்.பி.சீனிவாசன். மலையாளப் படங்களுக்கு இசை அமைத்துப் புகழ் பெற்றவர். 1970-களின் தொடக்கத்தில் 'மெட்ராஸ் யூத் கொயர்' என்ற குழுவை அமைத்தார். பாரதியார் பாடல்களைப் பல குரல்களில் பாட வைத்தார். 1988-ல் அவர் மறைந்தார். குழு அதன் பிறகும் பாடியது.

அந்தப் பாரதியார் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த ஊர் புதுச்சேரி. புதுவை அரசு விழாக்களில் பாடுகிற தமிழ்த்தாய் வாழ்த்தும் பாரதிதாசன் எழுதியது. அதை எல்லோரும் எழுந்து நின்று கூடித்தானே பாடுகிறோம்? (தாளம் தப்புகிற நான்கூட அதில் மாட்டிக்கொண்டது இல்லை!)

செலவு அதிகம் இல்லை. ஒரு ஆர்மோனியம், சொல்லிக் கொடுக்க ஒருவர், வாரம் ஒரு மாலை. மார்கழியில் மேடை ஏற வேண்டுமானால் ஆடியிலேயே பயிற்சி தொடங்க வேண்டும். சனிக்கிழமை மாலையில் லாஸ்பேட்டைக் கல்லூரி வகுப்பறைகள் காலியாகத்தான் கிடக்கும். ஒன்றைத் திறந்து விடலாமே?