பழைய பாவும் புதிய பாவும்

ஓதுதல் பற்றிய கட்டளையோடு அருளப்படத் தொடங்கியது திருமறை. ஆதலின் எதைப் படிப்பது, எவ்வாறு படிப்பது, யாரோடு கூடிப் படிப்பது என்னும் வினாக்கள் நம் சமுதாயத்திற்குப் புதியவை அல்ல. அவற்றுள் மூன்றாம் வினாவையே இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். பொருளோ, பலரும் சிறிதெனக் கருதும் படக்கதை. இளமையில் அதில் தோய்ந்து, பின்பு பல்லாண்டுகள் விலகியிருந்து, நாற்பதிலும் ஐம்பதிலும் அதன் வாசகர் கூட்டத்திற்குத் திரும்புவோர் இன்று தமிழகத்தில் பலர். அவர்களுள் நாமும் அடங்குவோம். அவ்வாறு திரும்புவோர் தாம் இழந்த இளமையைத் தேடி வந்தால் மட்டும் போதாது. தமக்குப் பின்வருவோரையும் உடன் அழைத்து வரவேண்டும் என்பதே நம் கருத்து.

தமிழ்ப் படக்கதையின் தலைநகர் சிவகாசி எனலாம். 1972ஆம் ஆண்டு அங்கிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் புலப்படும் அந்தப் பாத்திரம், இங்கிலாந்தில் பிறந்து தமிழ்ச் சிறுவரின் சொந்தமாயிற்று. 1984இல் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் தோன்றியது. அதே ஆண்டில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் தோன்றியது. காஞ்சிபுரம் போன்ற ஊர்களில் பேருந்து நிலையக் கடையில் ஒருவன் வாங்கிய இதழ், தெருவில் பத்துப் பேர் கைக்கு மாறும். தறியோசை கேட்கும் திண்ணையில் ஒருவன் உரக்கப் படிக்க, எழுத்தறியாத தம்பி படம் பார்த்துக் கதை அறிவான். பாடநூல் தராத சரளத்தை அவ்விதழ்கள் பலருக்குத் தந்தன.

பின்னர்த் தேர்வு, தொழில், குடும்பம் என வாழ்க்கை அவ்வாசகரை இழுத்துச் சென்றது. தொலைக்காட்சி வீட்டிற்குள் வந்தது. 2005இல் ராணி காமிக்ஸ் நின்றது. சிவகாசி இதழ்களும் காலந்தவறி, எப்போதேனும் வருவனவாயின. 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லயன் புதுப்பொலிவோடு மீண்டது. பிரிந்த வாசகரும் மீண்டனர். ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவை ஒட்டி அவர்கள் ஆசிரியரோடு ஒன்றுகூடி உரையாடுகின்றனர். சாதி, சமயம், பதவி எதுவும் வினவப்படாமல், ஒரே கதையைப் படித்தவர் என்னும் உறவொன்றால் மட்டுமே மனிதர் கூடும் இடங்கள் நம் நாட்டில் மிகச் சில. அவற்றுள் இஃதொன்று என்பதில் நமக்கு மகிழ்ச்சியே.

எனினும் ஒரு கவலையும் உண்டு. அக்கூட்டத்தில் நரைத்த தலைகள் மிகுதி, மாணவர் குறைவு. மீண்டவர்களில் பலர் விரும்பிக் கேட்பதோ பழைய கதைகளின் மறுபதிப்பை. பழையதை விரும்புவது குற்றமன்று. ஆனால் பழையதை மட்டுமே விரும்பும் கூட்டம் தன் உறுப்பினரின் ஆயுளைத் தாண்டி வாழாது.

அவ்வாறாயின் மாணவர் எங்கே உள்ளனர்? நரூட்டோ, லூஃபி என்னும் பெயர்களை நம் வகுப்பறைகளில் சொல்லிப் பார்த்தால் விடை கிடைக்கும். ஜப்பானிய அசைவூட்டப் படங்களாகிய அனிமேயின் உலகில் அவர்கள் உலவுகின்றனர். இந்தியாவும் ஜப்பானும் இணைந்து 1992இல் உருவாக்கிய இராமாயண அசைவூட்டப் படம் 2025 ஜனவரியில் தமிழ் ஒலியோடும் திரைக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் திரைப்படமும் தமிழ் பேசிற்று. மூத்தோர் இதனை வேற்று நாட்டு மயக்கம் என ஒதுக்குகின்றனர். இளையோர் நம் படக்கதையைப் பழங்கதை என ஒதுக்குகின்றனர். இருசாராரும் ஒன்றை அறிதல் வேண்டும். லூஃபியின் கதை 1997இலும் நரூட்டோவின் கதை 1999இலும் தாளில் அச்சான படக்கதைகளாகவே தொடங்கின. மாயாவி இங்கிலாந்திலிருந்து வந்து தமிழனாகலாம் எனில் நரூட்டோ ஜப்பானிலிருந்து வருதல் ஆகாதோ?

ஜப்பானியரிடம் கற்கத்தக்க பாடமும் ஒன்றுண்டு. டோக்கியோவில் 1975ஆம் ஆண்டு படக்கதை அன்பர்கள் தாமே கூடிச் சந்தையொன்று தொடங்கினர். சில நூறு பேரோடு தோன்றிய அக்கூட்டம் இன்று இலட்சக்கணக்கானோர் திரளும் விழாவாக வளர்ந்துள்ளது. அங்கு வாங்குபவர், விற்பவர், நடத்துபவர் அனைவரும் பங்கேற்பாளரே. வாடிக்கையாளர் என எவருமிலர் என்பது அதன் கொள்கை. மீண்டு வரும் வாசகர் மனத்திற்கொள்ள வேண்டிய கொள்கை இதுவே.

நம் இலக்கிய மரபும் இதற்குச் சான்று பகரும். மசலா, கிஸ்ஸா, படைப்போர், நாமா என இசுலாமியத் தமிழ் பெற்ற வடிவங்கள் கூடிக் கேட்பதற்கு உரியவை. 1572இல் அரங்கேறிய ஆயிர மசலா வினாவும் விடையுமாகவே அமைந்தது. சிறுவரும் உடனமர்ந்து கேட்டவரை அவை ஊரார் நாவில் வாழ்ந்தன; முதியோர் மட்டுமே கேட்கும் நிலை வந்தபின் நூலகத் தட்டிற்குச் சென்றன. அந்நிலை படக்கதைக்கும் நேரலாகாது.

சமுதாயப் பெரியோர் சிலர், படக்கதை காலத்தை வீணாக்கும், வன்முறையைப் பழக்கும் என அஞ்சுவர். அவ்வச்சம் முற்றும் பொருளற்றதன்று. அனைத்தும் சிறுவர்க்கு ஏற்றவை அல்ல. ஆனால் நாம் விலக்குவதால் மாணவன் பார்ப்பதை நிறுத்துவதில்லை. கைப்பேசியில் தனித்துப் பார்க்கிறான். தனித்துப் பார்ப்பவனுக்கு நல்லது தீயது கூற அருகில் எவருமிலர். கூடிப் படிக்கும் இடத்திலோ மூத்தவர் ஒருவர் உடனிருப்பார்.

காஞ்சிபுரத்துத் தறியில் ஒரு பாவு முடிந்ததும் நெசவாளர் அதனை அறுத்தெறிந்துவிடுவதில்லை. அச்சில் கோத்து நிற்கும் பழைய பாவின் முனைகளோடு புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பர். பழைய முனை மட்டும் ஒரு சேலை ஆகாது. ஆயினும் அஃது இன்றேல் புதிய இழை ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கோக்க வேண்டும். மீண்டு வந்த வாசகர் அந்தப் பழைய முனையாகத் திகழ வேண்டும்.

செய்யத்தக்கவை எளியவையே. வீட்டுப் பரணில் பூட்டிய இதழ்களுள் இருபடி உள்ளவற்றில் ஒன்றைக் கல்லூரி நூலகத்திற்கு வழங்கலாம். தமிழ்த்துறை நூலகத்தில் படக்கதைக்கென ஒரு தட்டு ஒதுக்கலாம். திங்களுக்கு ஒருமுறை மூத்தவர் ஒரு தமிழ்ப் படக்கதையையும் மாணவர் ஓர் அனிமேயையும் அறிமுகம் செய்து உரையாடலாம். திரையில் கேட்கும் தமிழ் உரையாடல் எங்கே இயல்பாக உள்ளது, எங்கே தடுமாறுகிறது என்பதை மாணவரே ஆராய்ந்து திருத்தி எழுதலாம். மொழிபெயர்ப்புத் தாளுக்கு இதனினும் நல்ல பயிற்சி வேறில்லை. அடுத்த ஆகஸ்டில் ஈரோட்டுக்குச் செல்வோர் மகனையோ மகளையோ மாணவரையோ உடனழைத்துச் செல்லலாம்.

திரும்பி வருதல் இனிது. திரும்பி வந்தவர், வரவிருப்போர்க்கு இடம்விட்டு அமர்தல் அதனினும் இனிது. அம்மனம் நம் அனைவர்க்கும் வாய்க்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.