கோபக்காரப் பையனைத் தேடிப் போன பெரியவர்

பிள்ளை எதிர்த்துப் பேசினால், "என் வயசென்ன, உன் வயசென்ன?" என்றுதானே கேட்கிறோம்?

1927-ல் காரைக்குடி பக்கம் நடந்ததைப் பாருங்கள். சிராவயலில் ஆசிரமம் நடத்திவந்த ஜீவாவுக்கு அப்போது 20 வயது. வருணாசிரமம் பற்றி காந்தி பேசியதில் கோபம். மறுத்துக் கடிதமே எழுதிவிட்டார்.

செட்டிநாட்டுக்கு வந்திருந்த காந்திக்கு வயது 57. 'அந்தப் பையனை வரச் சொல்லுங்கள்' என்று ஆள் அனுப்பவில்லை. தானே சிராவயலுக்குப் போனார்.

"உங்களுக்கு என்ன சொத்து இருக்கிறது?" என்று கேட்டாராம். "இந்தியாதான் என் சொத்து" என்றாராம் ஜீவா. "இல்லை, நீங்கள்தான் இந்தியாவின் சொத்து!" என்றாராம் காந்தி.

பின்னாளில் ஜீவா போனது பொதுவுடைமைப் பாதையில். ஆனாலும், மதித்துத் தேடி வந்த பெரியவரை யாரால் மறக்க முடியும்?

கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளையிடம் இன்று நாமே போய் உட்காரலாமே!